விலக்கு

தெற்கத்திச் சாலைகளில் விலக்கு என்றொரு சொல் வழங்குகிறது. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ பஸ்ஸில் போகிறவர்கள் வழிநெடுகக் கேட்டிருப்பார்கள். பெரிய சாலையிலிருந்து ஒரு கிராமத்துப் பாதை பிரிகிற இடம் அந்தக் கிராமத்தின் விலக்கு. ஊர் மூன்று மைல் உள்ளே கிடக்கும், விலக்கு மட்டும் சாலையில் இருக்கும். ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை, சமயத்தில் அதுவும் இல்லாமல் வெறும் மைல்கல். பிரிவது என்ற அளவில்தான் அந்தச் சொல் அங்கே புழங்குகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதன் இன்னொரு பொருள் காதில் விழ நாற்பது வயதாயிற்று. தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் ஒருவரோடு அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். ‘நின்ற இடத்திலெல்லாம் விலக்கு விலக்கு என்கிறாரே கண்டக்டர், யாரைய்யா விலக்குகிறார்கள்?’ என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

பொதுப் போக்குவரத்தில் தீண்டாமை பற்றி நாம் பேசுகிறபோதெல்லாம் ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம். யாரை ஏற்றினார்கள், யாரை ஏற்ற மறுத்தார்கள், யார் உட்கார்ந்தது, யார் நின்றது. வண்டி எங்கே நிற்கிறது என்பதை நாம் சரித்திரமாகப் பார்ப்பதில்லை. அது நிர்வாகம், கால அட்டவணை, யாரோ ஒரு கிளை மேலாளரின் மேஜை விவகாரம் என்று விட்டுவிடுகிறோம். ஏறுவதற்கான உரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வந்த அதே காலத்தில் விலக்கல் நிறுத்தத்துக்கு இடம் மாறிக்கொண்டது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் ரயில். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் போயிற்று. இந்தியர்கள் ஜாதி பாராமல் ஒரே பெட்டியில் உட்காருவார்களா என்ற சந்தேகம் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் சிலருக்கு இருந்தது. ஜாதிக்கொரு பெட்டி கோத்து ஓட்டினால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. ரயில்வேக்காரனுக்கு வகுப்பு என்பது பணத்தால் ஆனது. மூன்றாம் வகுப்பில் எல்லோரும் ஒன்றாக அடைக்கப்பட்டார்கள், முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் போனார்கள். ஜாதி பெட்டியை விட்டு இறங்கி பிளாட்பாரத்தில் உட்கார்ந்துகொண்டது. ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், இதரருக்குத் தனி இடம். சுயமரியாதைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டு, அந்தப் பலகைகள் 1941இல்தான் இறங்கின. பெட்டிக்குள் தோள்மேல் தோள் சாய்ந்து தூங்கியவர்கள் விடிந்ததும் தனித்தனி வாசல் வழியாக இட்லி தின்னப் போன காட்சியை நம் நாவலாசிரியர் ஒருவராவது முழுமையாக எழுதியிருக்க வேண்டும்.

ரயில் கேட்காததை ரயிலுக்கு அப்பால் இருந்த வண்டி கேட்டது. இதற்கு அம்பேத்கரைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. அவர் எழுதிவைத்து, மறைவுக்குப் பிறகு 1990இல் சிறு நூலாக அச்சான ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ ஒரு பயணத்தோடுதான் தொடங்குகிறது. 1901ஆம் வருஷம். ஒன்பது வயது அம்பேத்கரும் அண்ணனும் சகோதரியின் மகன்களும் கோரேகானில் வேலை பார்த்த தகப்பனாரைப் பார்க்க சதாராவிலிருந்து கிளம்புகிறார்கள். புதுத் துணி, ஜரிகைத் தொப்பி. ரயில் அவர்களை யாரென்று கேட்கவில்லை, மசூர் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அங்கே அழைத்துப்போக யாரும் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்தும் அது தகப்பனார் கைக்கு வரவில்லை. நல்ல உடுப்பைப் பார்த்து அக்கறையாக வந்து விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மஹர்கள் என்ற பதிலைக் கேட்டதும் முகம் மாறி விலகிப் போனார். வாசலில் மாட்டுவண்டிகள் நின்றன. இரண்டு பங்கு வாடகை தருகிறோம் என்றும் ஒரு வண்டிக்காரரும் மசியவில்லை. கடைசியில் ஏற்பட்ட ஒப்பந்தம் விசித்திரமானது: பையன்களே வண்டியை ஓட்டுவார்கள், வண்டிக்காரர் இரட்டைக் கூலியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்து வருவார். இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

இந்த ஒப்பந்தத்தைப் பற்றி நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். வண்டி போகிறது, பணம் கைமாறுகிறது, பயணிகள் ஊர் போய்ச் சேருகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் எழுதினால் குறையொன்றும் தெரியாது. இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1929இல், சாலிஸ்கானில் அதே கதை. இப்போது அவர் பாரிஸ்டர், பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். ஸ்டேஷனிலிருந்து மஹர்வாடாவுக்கு அவரை ஓட்டிக்கொண்டு போக டோங்காக்காரர் எவரும் சம்மதிக்கவில்லை. டோங்காவை மட்டும் வாடகைக்குத் தந்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத மஹர் ஒருவர் ஓட்டினார், பாலத்தில் வண்டி மோதி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது. இரண்டு தடவையும் ரயிலில் பிரச்னை எழவில்லை. பெரிய பாதை முடிந்து சிறிய பாதை தொடங்குகிற இடத்தில்தான் எழுந்தது. எங்கள் பக்கத்துப் பாஷையில் சொன்னால், விலக்கில்.

இனி நம் பக்கம். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணறு குளங்களை எவரும் நாடலாம் என்றது. அதே ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்குச் சத்தியாக்கிரகம். நடப்பதற்கே தீர்மானமும் சிறைவாசமும் தேவைப்பட்ட அந்தக் காலத்தில்தான் ஜில்லாக்களில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கிற்று. கம்பெனிகள் ரயில்வே அளவுக்குப் பெரியவை அல்ல. ஒரு முதலாளி, இரண்டு மூன்று வண்டி, ஓடுகிற வழியெல்லாம் அவருக்கு மாமன் மச்சான். ஆகவே ரயிலில் வெளியே நிறுத்தப்பட்ட ஜாதி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. பஞ்சமர்கள் ஏறக்கூடாது என்று டிக்கட்டிலேயே அச்சடித்தார்கள்.

அச்சடித்ததைக் கவனிக்க வேண்டும். வழக்கமாகத் தீண்டாமை எழுத்தை நாடுவதில்லை, அதற்கு ஒரு பார்வை போதும். மோட்டார் பஸ் புதியது. அதில் யார் எங்கே என்று பழக்கம் ஏற்படவில்லை. தெருவுக்கும் கிணற்றுக்கும் எழுதப்படாமலே இருந்த விதியை பஸ்ஸுக்கு எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. நவீனத்தின் வாசலில் ஜாதி கொஞ்சம் திணறிய தருணம் அது என்று தோன்றுகிறது.

1920களின் கடைசியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பட்டிவீரன்பட்டிக்காரர், காப்பித் தோட்டக்காரர், 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று அவர் உத்தரவு போட்டார். அன்று வாடகை மோட்டாருக்கு அனுமதி தருவது ஜில்லா போர்டின் கையில் இருந்தது. முதலாளிகள் வழிக்கு வந்தார்கள். பிரசங்கம் ஏதும் இல்லை, மனமாற்றம் ஏதும் இல்லை, கையெழுத்து ஒன்றுதான்.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருந்தது. நாடார்களைக் கோயிலுக்குள் விடக்கூடாதென்ற கமுதி வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. வாசலில் நிறுத்தப்படுவது இன்னதென்று தெரிந்தவர் கையில் லைசென்ஸ் அதிகாரம் வந்ததால் நடந்த காரியம் அது. ஆனால் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் அதிகாரம் வந்ததும் அடுத்தவனுக்கு அதே வாசலைச் சாத்துவதுதான் இங்கே வழக்கம் என்பதையும் நினைத்துக்கொண்டால்தான் சௌந்தரபாண்டியனின் உயரம் தெரியும். சென்னை தியாகராய நகரில் அவர் பெயரால் ஓர் அங்காடி இருக்கிறது. ஜனங்கள் அதைப் பாண்டி பஜார் என்கிறார்கள். பெயரைச் சுருக்குவதும் அழிப்பதும் நமக்குக் கைவந்த கலை. இதற்கு மறுபடி வருவேன்.

பிறகு சட்டங்கள் வந்தன. 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூகத் தடை நீக்கச் சட்டம் பொதுப் போக்குவரத்தையும் சேர்த்துக்கொண்டது. அரசியல் சாசனத்தின் பதினைந்தாவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று வரிசையாகச் சொல்லி வண்டியை மட்டும் பெயர் சொல்லாமல் விட்டது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைச் சேர்த்தது. இந்தச் சட்டங்களில் ஒன்றிலாவது நிறுத்தம் என்ற சொல் இல்லை. வண்டிக்குள் ஏற விடாதவனைத் தண்டிக்கலாம். நிற்காமல் போன வண்டியை எந்தப் பிரிவில் பிடிப்பது?

1972இல் பஸ்கள் அரசுடைமையாயின. பல்லவன், பாண்டியன், சேரன், சோழன், 1974இல் திருநெல்வேலியில் கட்டபொம்மன். தனி முதலாளியின் மாமன் மச்சான் உறவுகளிலிருந்து பஸ் விடுபட்டது. அது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லாபமில்லாத கிராமத்து வழிகளில் வண்டி ஓடிற்று. நான் ஹைஸ்கூல் போனது அப்படியொரு பஸ்ஸில்தான். எங்கள் ஊரில் பிள்ளையார் கோயில் முன்னால் நிறுத்தம். காலனி அரை மைல் தள்ளி, பஸ் வரும் வழியிலேயேதான் இருந்தது. அங்கே நிற்காது. அவர்கள் ஊருக்கு நடந்துவந்து, கோயில் முன்னால் எங்களுக்குப் பின்னால் நின்று, கடைசியில் ஏறுவார்கள். காலனியை பஸ் ஏற்கெனவே ஒரு தடவை கடந்து வந்திருக்கும். இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

என் வகுப்பில் அங்கிருந்து ஒரு பையன் வந்தான். கணக்கில் கெட்டிக்காரன், என் வீட்டுப்பாடம் பாதி அவன் புண்ணியம். எனக்கு ஜன்னலோரம். பக்கத்து இடத்தில் என் பையை வைப்பேன். அவன் ஏறி, கம்பியைப் பிடித்து, பைக்குப் பக்கத்தில் நிற்பான். பையை எடு என்று அவன் கேட்டதில்லை. வைக்கச் சொல்லி என்னிடமும் யாரும் சொன்னதில்லை. மூன்று வருஷம். 1955இன் சட்டப்படி நான் குற்றம் எதுவும் செய்யவில்லை. பையை வைப்பது குற்றமல்ல. பள்ளி முடிந்தபின் அவனை நான் பார்க்கவில்லை. விசாரிக்கலாம், விசாரிக்கவில்லை.

1995 ஜூலையில் வீரசிகாமணியில் பஸ் டிரைவருக்கும் தலித் மாணவர்களுக்கும் ஒரு வாய்ச்சண்டை. அது மோதலாகி, பஸ் எரிப்பும் கொலையுமாகப் பரவி, ஆகஸ்டு 31ஆம் தேதி நூற்றுக்கணக்கான போலீசார் கொடியங்குளத்துக்குள் புகுந்து சூறையாடியதில் வந்து நின்றது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கொஞ்சம் நிமிர்ந்திருந்த கிராமம். டெலிவிஷன், தையல் மெஷின், தானியம் என்று தேடித் தேடி உடைத்தார்கள். பஸ்ஸில் தொடங்கிய சண்டை ஏன் வீட்டுச் சாமான்களில் போய் முடிந்தது என்று அப்போது சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் புரியாதது ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்தவனை இறக்குவது இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான்.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. மே மாதம் தொடக்கம். சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவர், தேவேந்திரர் குலத்தவர், 1799இல் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து அதில் மாண்டவர் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. அவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பிற்று. கல்வீச்சு, எரிப்பு, தென் மாவட்டங்களில் உயிர்ப்பலி. பக்கத்து ஜில்லாவில் கட்டபொம்மன் பஸ் இருபத்து மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. மன்னன் பெயரில் பஸ் ஓடலாம். அவனுக்காகச் செத்த தளபதி பெயரில் ஓடக்கூடாது.

இதில் ஒரு தலைகீழ் இருக்கிறது. சௌந்தரபாண்டியன் காலத்தில் உன்னை ஏற்றமாட்டேன் என்றார்கள். 1997இல் உன் வண்டியில் ஏறமாட்டேன் என்றார்கள். விலக்குகிறவன் இப்போது தானே விலகி நிற்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் அது முன்னேற்றம் என்றுகூடச் சொல்லலாம். அரசு கொஞ்சம் பொறுத்திருந்தால், சந்தைக்கும் கோர்ட்டுக்கும் போக வேண்டியவர்கள் எத்தனை நாள் நடந்திருப்பார்கள்? அரசு பொறுக்கவில்லை. ஜூலையில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும், கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும், ஒரேயடியாக எடுத்துவிட்டது. பல்லவன் போனான், பாண்டியன் போனான், திருவள்ளுவர் போனார், அம்பேத்கர் போனார், ஜீவா போனார். காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆயிற்று, சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆயிற்று.

அன்று நான் அதை வரவேற்றேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் கூட்டத்தில் பலரும் வரவேற்றோம். பெயர் வழிபாட்டின் மேல் நமக்குத் தீராத இளக்காரம். சிலை, வளைவு, பெயர்ப்பலகை எல்லாம் ஜனரஞ்சக அரசியலின் குப்பை, தொலைந்தால் சரி என்று ஒரு டீக்கடையில் உரக்கவே சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, ‘எங்க பேரு வந்தப்பதானய்யா எல்லாப் பேரும் போச்சு’ என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை. ஏதோ தத்துவம் சொன்னேன். ஒரு பெயரை ஏற்க முடியாதவர்களுக்காக எல்லாப் பெயர்களையும் துறப்பது சமத்துவம்போலத் தோன்றும். கணக்குப் பார்த்தால், மற்றவர்கள் இழந்தது கால் நூற்றாண்டு அனுபவித்த பெயரை. இவர்கள் இழந்தது இரண்டு மாதம்கூட ஓடாத பெயரை. மசூர் வண்டிக்காரரின் ஒப்பந்தம்தான் எனக்கு நினைவு வருகிறது. எல்லோருக்கும் வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது, கேள்வி கேட்க இடமில்லை.

நம் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நவீனத் தமிழ்ச் சிறுகதையில் பஸ் ஏராளமாக வருகிறது. தனிமை, நகர வாழ்வின் அந்நியம், எதிர் ஸீட்டில் ஒரு முகம், பின்னோக்கி ஓடும் மரங்கள். நானும் எழுதியிருக்கிறேன். எல்லாம் ஜன்னலோரத்திலிருந்து எழுதியவை. பின்னோக்கி ஓடுகிற மரத்தடியில் கைகாட்டிக்கொண்டு நின்றவர் கண்ணுக்கு பஸ் எப்படித் தெரிந்திருக்கும் என்பது, 2021இல் மாரி செல்வராஜ் ‘கர்ணன்’ எடுத்தபோதுதான் பலருக்குக் காட்சியாயிற்று. அந்தப் படத்தின் ஊருக்கு பஸ் நிறுத்தம் கிடையாது, கதை முழுக்க அதிலிருந்து கிளம்புகிறது. படத்தின் பிற்பகுதி பற்றி எனக்கு மாற்று அபிப்பிராயம் உண்டு. ஆனால் நம் ஐம்பது வருஷ ஜன்னலோர எழுத்தை அது வெளியே நின்று பார்த்துவிட்டது.

அதே 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்தது. சீக்கிரமே மாற்றுத்திறனாளிகளும் திருநங்கையரும் சேர்க்கப்பட்டார்கள். 1972க்குப் பிறகு பஸ்ஸில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்பது என் எண்ணம். களையெடுப்புக்கும் பஞ்சாலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்ணின் கூலியில் ஒரு பங்கு அவள் கையிலேயே தங்கியது. கணவனிடமோ மகனிடமோ காசு கேட்காமல் தாய்வீட்டுக்குப் போய்வர முடிந்தது. ‘ஓசி’ என்ற சொல்லும் கூடவே வந்தது. பெண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தங்களில் வண்டிகள் நிற்காமல் போகின்றன என்ற புகார்கள் பத்திரிகைகளில் வந்தன, கட்டாயம் நிறுத்தி ஏற்றவேண்டுமென்று உத்தரவுகளும் வந்தன. ஏறுகிற உரிமைக்குக் காசு தடையாக இருந்தது நீங்கியதும் மறுபடியும் சண்டை நிறுத்தத்துக்கே வந்து சேர்ந்தது.

போன வருஷம் ஒரு சாவுக்காக ஊருக்குப் போனேன். பிள்ளையார் கோயில் நிறுத்தத்துக்கு இப்போது நிழற்குடை இருக்கிறது. காலனிக்கு முன்னாலும் பஸ் நிற்கிறது, யாராவது கைகாட்டினால். திரும்பும்போது காலனியிலிருந்து ஏறிய அம்மாள் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறுபது வயதிருக்கும். பையை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் மெஷினைத் தட்டி அவளுக்குக் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று கொடுத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, என்ன போட்டிருக்கிறதென்று பாருங்கள் தம்பி என்று என்னிடம் நீட்டினாள். கட்டணம் 0 என்றிருந்தது. ஏறிய இடத்துக்கு நேராக அதற்கு முந்தைய ஸ்டேஜின் பெயர் இருந்தது, எங்கள் ஊரின் விலக்கு. காலனி ஸ்டேஜ் கிடையாதாம், மெஷினில் பெயர் இல்லையாம், கண்டக்டர் சொன்னார். நல்ல மனிதர். மனு எழுதிப் போடுங்கள் சார், நீங்கள் படித்தவர்தானே என்றார். அந்த அம்மாள் சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.